மேகத்துக்குள் ஒரு கணக்கெடுப்பு!

ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு நன்றாகத் தெரியும். சாலையோர மண் சரிவில் வளரும் ஒரு செடியின் இலையைப் பறிப்பார்கள். அதைப் புறங்கையில் வைத்து, இன்னொரு கையால் 'பட்'டென்று அடிப்பார்கள். இலையை எடுத்தால், கையில் வெள்ளை வெளேரென்று இலையின் படம் அப்படியே பதிந்திருக்கும். வெள்ளை மருதாணி! இதைப் பள்ளிச் சீருடையில் அடித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்களும் உண்டு.

அந்தச் செடியின் பெயர் வெள்ளிப் பெரணி. இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் மெழுகு போன்ற வெள்ளைப் பொடிதான் கையில் ஒட்டுகிறது. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? இது நம் ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்து, இங்கே ஜம்மென்று குடியேறிவிட்டது!

அதன் பூர்வீக ஊர்களில் ஒன்று கோஸ்டாரிகா. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒல்லியான நிலப்பகுதியில் இருக்கும் குட்டி நாடு. பரப்பளவு சுமார் 51 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே பெரணிகளும், 'கிளப் மாஸ்' என்ற அவற்றின் கூட்டாளிகளும் சேர்ந்து ஆயிரம் வகைகளுக்கு மேல் இருக்கின்றன. இவ்வளவு பெரிய இந்தியா முழுவதும் தேடினாலும் ஏறக்குறைய அதே அளவுதான் கிடைக்கும்.

எப்படி இது? எல்லாம் மலை செய்யும் மாயம்!

பெரணி என்றால் தெரியும்தானே? பூக்காது, காய்க்காது. விதையும் கிடையாது. இளம் இலை ஜாங்கிரி மாதிரி சுருண்டு கிளம்பி, மெல்ல மெல்ல விரியும். நிழலும் ஈரமும் இருந்தால் கிணற்றுச் சுவரில்கூட முளைக்கும்.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. நல்ல மழை பெய்யும் ஒரு பெரிய மலை. அடிவாரத்தில் கதகதப்பு, உச்சியில் கடுங்குளிர். பெரணி வகைகள் எங்கே அதிகம் இருக்கும்? அடிவாரத்திலா, நடுவிலா, உச்சியிலா? ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடையைப் பிறகு பார்ப்போம்.

இதே கேள்வியோடு கோஸ்டாரிகா மலையில் ஏறினார்கள் ஆராய்ச்சியாளர்கள். யுர்கன் குளூகே, மிகாயேல் கெஸ்லர், ராபர்ட் டன் ஆகிய மூவரும் அந்த ஆய்வை 2006-ல் வெளியிட்டார்கள். கரீபியன் கடல் பக்கத்துத் தாழ்வான காட்டில், 100 மீட்டர் உயரத்தில் தொடங்கினார்கள். அங்கிருந்து பார்வா என்ற எரிமலையின் சரிவில் மேலே மேலே போனார்கள். அதற்கும் மேலே உள்ள உயரங்களைப் பார்க்க, 'செர்ரோ டே லா முயெர்த்தே' என்ற இன்னொரு மலைக்குப் போனார்கள். பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? சாவு மலை! சாலை இல்லாத காலத்தில் அதை நடந்தே கடந்தவர்களில் பலர் குளிரில் விறைத்து இறந்துபோனார்களாம். அதனால் அந்தப் பெயர்.

மலை முழுவதையும் எண்ண முடியாது. எனவே 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கைப்பந்து மைதானத்தைவிடப் பெரிய கட்டம். அதற்குள் எத்தனை வகைப் பெரணி இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். இப்படி 156 கட்டங்கள்!

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். அங்கே பெரணிகள் தரையில் மட்டும் வளர்வதில்லை. மரத்தின் அடியில் ஒன்று, நடுத்தண்டில் ஒன்று, உச்சிக் கிளையில் வேறொன்று. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். சில வகைகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். இலையைத் திருப்பி, அடியில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் வட்டமா, நீளமா, ஓரத்திலா, நடுவிலா என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும்.

பறித்த இலையைப் பாடம் செய்வது எதில் தெரியுமா? செய்தித்தாளில்! உலகம் முழுவதும் தாவர ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருப்பது பழைய பேப்பரைத்தான். அதற்குள் இலையை வைத்து, அழுத்தி, உலர்த்துவார்கள். மழை விடாத மலைக்காட்டில் அது சீக்கிரம் உலராது; பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் செடிகளைச் சாராயத்தில் நனைத்து, கட்டிக் கீழே கொண்டுவந்து உலர்த்துவதும் உண்டு. பிறகு தடித்த அட்டையில் ஒட்டி, எங்கே, எந்த உயரத்தில், எந்த நாளில் எடுத்தது என்று எழுதிக் காப்பகத்தில் வைப்பார்கள். நூறு வருடம் கழித்தும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

கணக்கெடுப்பு முடிந்தபோது 480-க்கும் அதிகமான வகைகள் பட்டியலில் இருந்தன. மிக அதிகமாக இருந்த இடம் எது? 1,700 மீட்டர் உயரத்தை ஒட்டிய பகுதி. அதாவது, மலையின் நடு இடுப்பு! அங்கிருந்து கீழே போனாலும் எண்ணிக்கை குறைந்தது, மேலே போனாலும் குறைந்தது. 'நடுவில்' என்று விரல் மடக்கியவர்களுக்கு ஒரு சபாஷ்!

கோஸ்டாரிகாவில் மட்டும் இப்படி இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ், ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ, போர்னியோ தீவில் உள்ள கினபாலு எல்லாவற்றிலும் பெரணிக்குப் பிடித்தது மலையின் நடுப்பகுதிதான். கினபாலு என்ற ஒரே மலையில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் நடுவில்?

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 5, 6 டிகிரி குறையும். காற்று குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி சின்னச் சின்னத் துளிகளாகி மேகமாகிவிடும். அந்த மேகம் மலையின் நடுப்பகுதியில், இடுப்பில் கட்டிய துண்டு மாதிரி நிற்கும். அங்கே மழை பெய்யாத நேரத்திலும் இலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மரக்கிளை எல்லாம் பாசி படர்ந்து, நனைந்த பஞ்சு போல இருக்கும். இதைத்தான் 'மேகக்காடு' என்கிறார்கள்.

கீழே மழை உண்டு; ஆனால் வெயில் அடித்தால் எல்லாம் சட்டென்று உலர்ந்துவிடும். உச்சியில் குளிர் அதிகம், இரவில் உறைபனி. நடுவில்தான் கொளுத்தும் வெயிலும் இல்லை, உறைய வைக்கும் பனியும் இல்லை.

அங்கே 'சவ்வுப் பெரணி' என்று சொல்லத்தக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான்! வெளிச்சத்தில் பிடித்தால் பச்சைக் கண்ணாடித் தாள் போலத் தெரியும். தண்ணீரைத் தடுத்து நிறுத்த இலையில் ஒரு பாதுகாப்பும் இல்லை. காற்று உலர்ந்தால், இலையும் அப்படியே சுருண்டுவிடும். மேகம்தான் அதற்குச் சட்டை.

ஈரம் தேவைப்பட இன்னொரு பெரிய காரணமும் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

காணாத விதை!

பூவும் விதையும் இல்லாமல் பெரணி எப்படிப் பெருகுகிறது? ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். "விதை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பையில் வைத்திருந்தால் நாமும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடலாம்!" என்றுகூட நம்பினார்கள். பரீட்சை நாளில் நமக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

மலைகள் நிறைந்த ஜமைக்கா தீவில் ஜான் லிண்ட்சே என்ற மருத்துவர் இருந்தார். மழை பெய்த பிறகு, புதிதாகக் கிளறிய மண்ணில் குட்டிப் பெரணிகள் தானாகவே முளைப்பதைக் கவனித்தார். இலையின் அடியில் உள்ள தூளை எடுத்து ஒரு தொட்டி மண்ணில் தூவினார். தண்ணீர் தெளித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வந்தார். தூள் பச்சையாக மாறியது, முளைத்தது! அவர் எழுதிய கட்டுரை 1794-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது.

அந்தத் தூளின் பெயர் ஸ்போர். இலையின் அடியில் உள்ள பழுப்புப் புள்ளியைப் பூச்சி முட்டை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பல குட்டிப் பைகள், ஒவ்வொரு பையிலும் பெரும்பாலும் 64 ஸ்போர்கள்! பையைச் சுற்றி 12, 13 செல்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கும். அது உலர உலர வில் போலப் பின்னால் வளையும். ஒரு கட்டத்தில் 'படக்'கென்று திரும்பும். அப்போது ஸ்போர்கள் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில்கூடத் தெறிக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர், நம் டவுன் பஸ் வேகம்! பிறகு காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஸ்போர் விழுந்த இடத்தில் உடனே பெரணி வராது. முதலில் விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அதில் உருவாகும் ஆண் செல்கள் தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் செல்லைச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் பெரணிக் குழந்தை! ஒரு சொட்டு ஈரம் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். பெரணி, பாசி, கிளப் மாஸ், பைன் மரம் எல்லாவற்றின் வாழ்க்கையையும் ஒப்பிட்டு 1851-ல் விளக்கியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர். அவர் அப்போது பேராசிரியர் இல்லை. இசைப் புத்தகங்கள் விற்கும் கடைக்காரர்!

கிளப் மாஸ் பற்றியும் இரண்டு வார்த்தை. 'மாஸ்' என்றால் பாசி. ஆனால் இது பாசி இல்லை. நுனியில் பீமனின் கதாயுதம் மாதிரி ஒரு கூம்பு இருப்பதால் இந்தப் பெயர். மேகக்காட்டில் மரக்கிளையிலிருந்து பச்சைக் குஞ்சம் போலத் தொங்கும். மரமே இல்லாத உச்சியில், குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்குப் பெரணியின் தம்பி போல இருந்தாலும், இந்தக் குடும்பம் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டது. வாழைக்கும் பெரணிக்கும் உள்ள உறவு, பெரணிக்கும் கிளப் மாஸுக்கும் உள்ள உறவைவிட நெருக்கம் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது! 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் சொந்தக்காரர்கள் 30 மீட்டர் உயர மரங்களாக நின்றார்கள். ஐரோப்பா, வட அமெரிக்காவின் பழைய நிலக்கரியில் பெரும்பகுதி அவர்கள்தான். (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மிகவும் பிற்காலத்தது.)

இப்போது கவலையான விஷயம். பூமி சூடாகி வருகிறது. காற்று சூடானால், அது இன்னும் உயரப் போன பிறகுதான் மேகமாகும். கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே மேகக்காட்டில், 1970-களிலிருந்து மூடுபனி இல்லாத நாட்கள் கூடி வருவதாக 1999-ல் ஒரு ஆய்வு சொன்னது. மேகம் மேலே போனால் பெரணி என்ன செய்யும்? ஸ்போர்தான் பறக்குமே, அதுவும் மேலே போகலாம். ஆனால் மலை, கோயில் கோபுரம் மாதிரி. மேலே போகப் போக இடம் குறுகும். பார்வா மலை 2,906 மீட்டரில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற இடம் ஏது?

அதனால்தான் அந்த 156 கட்டங்களின் பட்டியல் முக்கியம். நம் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்போமே, அது மாதிரி. நாளைக்கு யாராவது அதே உயரங்களில் மறுபடி எண்ணினால், எந்தப் பெரணி மேலே ஏறியது, எது காணாமல் போனது என்று தெரியும். பழைய கோடு இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இப்படிப் பழைய கோடுகள் உண்டு. மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு 1860-களிலேயே நூலாக்கினார். பழனி மலைப் பெரணிகளைப் பற்றி வி.எஸ்.மாணிக்கம் எழுதிய நூல் 1986-ல் வந்தது. நீலகிரிச் சோலைக்காட்டில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெரணியைப் பார்த்தால், கோஸ்டாரிகாவுக்கே போய்விட்டது போல இருக்கும்.

குட்டீஸ், நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நர்சரியிலோ வீட்டுத் தொட்டியிலோ உள்ள பெரணியில், அடியில் பழுப்புப் புள்ளிகள் முற்றிய இலையாகப் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டு ஒன்று எடுங்கள். புள்ளிகள் கீழே பார்க்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மின்விசிறிக் காற்று படாமல் மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். ஓரிரு நாள் கழித்து இலையை மெதுவாகத் தூக்குங்கள். தாளில் பழுப்புத் தூளால் வரைந்த படம் இருக்கும். ஒன்றும் விழவில்லையென்றால் இலை இன்னும் முற்றவில்லை, அல்லது ஏற்கெனவே கொட்டித் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். வேறு இலையில் முயலுங்கள்.

அந்தத் தூளை ஈரமான செங்கல் துண்டில் தூவி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நிறுத்தி, மேலே கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்து, வெயில் நேராகப் படாத ஜன்னல் ஓரம் வையுங்கள். தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் செங்கல் பச்சையாகும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்; குட்டிக் குட்டி இதயங்கள் தெரியும்.