கிரிவலமும் கலோரிக் கணக்கும்

உடல் எடையைக் குறைப்பதற்காக உடற்பயிற்சி செய்பவர் நாளொன்றுக்கு எவ்வளவு உண்ணலாம் என்பது, அவர் உடல் செலவிடும் ஆற்றலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இவ்வாற்றலின் அலகு கலோரி. உணவைப் பற்றிய பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியையே குறிக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இக்கணக்கை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. அண்ணாமலையைச் சுற்றிய கிரிவலப் பாதையின் நீளம் 14 கி.மீ. பௌர்ணமி தோறும் பெருங்கூட்டம் அதைச் சுற்றி வருகிறது. மற்ற நாள்களில் அதே பாதையில் உள்ளூர்வாசிகள் பலர் நடைப்பயிற்சி செய்கின்றனர். ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோ குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் சிலரிடம் உண்டு.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு செலவாகும்?

68 கிலோ எடையுள்ள 45 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்திரலிங்கத்திலிருந்து ஈசானியலிங்கம் வரை நின்று வணங்கும் நேரம் போக, நடைக்கு மட்டும் அவருக்கு 4 மணி நேரம் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவிடும். இந்த நிதானமான நடையில் அது 3 கலோரி ஆகும். எனவே நடையால் கூடுதலாகச் செலவானது 2 கலோரிதான். 68 × 4 × 2 = 544 கலோரி.

பலர் தவறுவது இங்கேதான். கைக்கடிகாரமும் கைப்பேசிச் செயலியும் பெரும்பாலும் மொத்தச் செலவான 816-ஐக் காட்டும். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 272 கலோரியும் அதில் சேர்ந்திருக்கும்.

உடல் கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக ஒரு கிரிவலத்தில் கரையக்கூடியது சுமார் 70 கிராம் கொழுப்பு. மறுநாள் காலை எடை இயந்திரம் ஒரு கிலோ குறைவாகக் காட்டினால், அதில் பெரும்பகுதி வியர்வையில் போன நீர். இரண்டு வேளை உணவும் தண்ணீரும் உள்ளே போனதும் திரும்பிவிடும். வழியில் இரண்டு தேநீர் (160), ஒரு உளுந்து வடை (100), அன்னதானமாகக் கிடைத்த ஒரு தொன்னை புளியோதரை (சுமார் 300) என்று உண்டால், அந்த 544-ம் அங்கேயே ஈடாகிவிடும். புண்ணியக் கணக்கு வேறு, கலோரிக் கணக்கு வேறு!

அப்படியானால் எவ்வளவு உண்பது?

முதலில், உயிர் இயக்கத்துக்கு மட்டும் வேண்டிய அடிப்படை ஆற்றலைக் காண வேண்டும். 1990 முதல் வழக்கில் உள்ள மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, எடையை (கிலோ) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு பெண்ணானால் 161-ஐக் கழிக்கவும். ஆணானால் 5-ஐக் கூட்டவும். மேற்சொன்ன பெண்ணின் உயரம் 155 செ.மீ. எனில்:

680 + 969 − 225 − 161 = 1,263 கலோரி.

அதிகம் உட்கார்ந்தே வேலை செய்பவராதலால் இதை 1.4-ஆல் பெருக்க, 1,768 வரும். எடை கூடாமலும் குறையாமலும் இருக்க அவருக்கு வேண்டிய அளவு இது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில், இவ்வகை வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 65 கிலோ ஆணுக்கு 2,110 என்று உள்ளது. இந்நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் தோன்றியது என்பது மாணவர்கள் அறியத்தக்கது.

அவர் தினமும் ஒரு மணி நேரத்தில் 5 கி.மீ. விரைந்து நடந்தால் கூடுதலாக 170 கலோரி செலவாகும். மொத்தம் 1,938. இதில் 400 குறைத்து, சுமார் 1,540 கலோரி உண்டால் வாரத்துக்கு ஏறக்குறைய 350 கிராம் குறைய வாய்ப்புண்டு. நடக்காமலே அதே பற்றாக்குறையைக் கொண்டுவர 1,370-க்கு இறங்க வேண்டும். அந்த 170 கலோரி, சட்னியோடு இரண்டு இட்லிக்கும் சற்று மேல். உடற்பயிற்சியின் ஒரு பயன் இதுதான்: பட்டினி கிடக்காமல் எடை குறைக்க இடம் தருகிறது. பெருக்கும் எண்ணை 1.4-இலிருந்து உயர்த்திவிட்டு, நடைக்கென்று மறுபடியும் 170 சேர்ப்பது ஒரே செலவை இருமுறை எழுதுவதாகும்.

அடிப்படை ஆற்றலுக்கும் கீழே உணவைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். களைப்பு வந்து நடையே நின்றுபோகும். தசையைக் காக்க, கிலோவுக்கு 1.2 கிராம் வரை புரதம் நல்லது. இவருக்கு அது 80 கிராம். சோறும் ரசமும் மட்டும் உண்டு இதை எட்ட முடியாது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவை கூட வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

எங்கே குறைப்பது என்று கேட்டால், எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்ப்பதே முதல் வேலை. நால்வர் குடும்பத்தில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மி.லி.; அதாவது 200 கலோரிக்கு மேல். 2 லிட்டராகக் குறைத்தால், சோற்றில் கை வைக்காமலேயே 65 கலோரிக்கு மேல் மிச்சம்.

எடை குறையக் குறையத் தேவையும் குறையும். 62 கிலோவுக்கு வந்ததும் அதே பெண்ணின் அடிப்படை ஆற்றல் 60 கலோரி இறங்கியிருக்கும். நடைச் செலவும் 155 ஆகிவிடும். ஆகவே நான்கைந்து கிலோவுக்கு ஒருமுறை கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்கள், கார்த்திகை தீபம் போன்ற நாள்களில் விரதத்தோடு 14 கி.மீ. நடந்தால், இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரியக்கூடும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உட்கார்ந்துவிட வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடித்து, மருத்துவ உதவியை நாட வேண்டும்.