நாடி ஆறும் காலம்

நீரிழிவுள்ள எம் உறவினர் ஒருவருக்கு, இருதய நாடியில் ‘ஸ்ரென்ற்’ எனும் வலைக்குழாய் பொருத்தினர். நெஞ்சுநோ நீங்கியதும், “இனி எதற்கு?” என்று குளிசைகள் யாவற்றையும் அவர் நிறுத்திவிட்டார். ஈண்டே நாம் தவறுகின்றோம்.

1977இல் சூரிச் நகரில் குறுன்சிக் எனும் வைத்தியர் சிறு பலூனால் அடைப்பை விரித்தார். 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதல் வலைக்குழாய் மனித நாடியுட் புகுந்தது. ஆயினும் வலை வழியைத் திறக்குமேயன்றிப் புண்ணை ஆற்றாது. நாடியின் உட்டோல் மெல்லப் படர்ந்து கம்பிகளை மூடவேண்டும். மூடாவிடிற் குருதி உறையக்கூடும்; தசை மிகுந்து வளரின் வழி மீண்டும் ஒடுங்கும். நீரிழிவு இவ்விரு இடர்களையும் பெருக்கும்.

ஆதலாற்றான் குருதி உறையாதிருக்க அஸ்பிரினும் குளோப்பிடோகிறலும் மாதக்கணக்கில் வழங்கப்படுகின்றன. நீரிழிவு மருந்துகளும் வெறுமனே சீனிக்கு மட்டும் உரியனவல்ல. உடல் பருத்த நீரிழிவாளரிடையே மெற்போமின் மாரடைப்பை 39 சதவீதம் குறைத்ததென 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. இருதயநோயும் உடைய நீரிழிவாளரிடையே எம்பகிளிபுளோசின் இருதய, நாடி நோய்களால் நேரும் மரணத்தை 38 சதவீதம் குறைத்ததென 2015இல் அறியப்பட்டது.

எம் உறவினரை மகள் வற்புறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். நற்காலமாகத் தீங்கொன்றும் நேரவில்லை. நோவு நீங்குதல் வேறு, நாடி ஆறுதல் வேறு. வைத்தியரைக் கேளாது ஒரு குளிசையையேனும் நிறுத்தாதிருப்போமாக.