பரம்பரையும் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும்

கடையநல்லூர்ப் பக்கம் சிறுநீர் சிவந்து போனால் 'உடம்புச் சூடு' என்பார்கள். இளநீரைக் குடி, குற்றாலத்தில் குளி என்பதே வைத்தியம். என் மாமா இரண்டையும் ஓராண்டு செய்தார். வலி இல்லாததால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. வலியின்றி வரும் இரத்தத்திற்கே அதிகம் பயப்பட வேண்டும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். திருநெல்வேலியில் சோதித்தபோது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் புற்றுநோய் முற்றியிருந்தது. பீடியைத் தொட்டறியாதவர் அவர்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றார் ஆச்சி. தாத்தா குடல் புற்றிலும், தாத்தாவின் தங்கை கர்ப்பப்பைப் புற்றிலும் ஐம்பது வயதுக்குள் இறந்தவர்கள். ஆனால் அப்போது சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்!

டாக்டர் வீணாகக் கேட்கவில்லை. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வார்தின் என்ற மருத்துவ அறிஞரிடம் ஒரு தையற்காரப் பெண், தம் குடும்பத்தினர் பலரும் புற்றுநோயால் இறந்ததாகவும் தமக்கும் அதுவே முடிவு என்றும் கூறினார். அவ்வாறே கர்ப்பப்பைப் புற்றால் இறந்தார். அக்குடும்ப வரலாற்றை வார்தின் 1913-இல் வெளியிட்டார். 1966-இல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய வேறு குடும்பங்களை விவரித்தார். இன்று இதனை லிஞ்ச் நோய்க்கூறு என்பர்.

இம்மலர் அச்சேறுமுன் ஒருவர் மெய்ப்புத் திருத்துகிறார் அல்லவா? அதுபோல, செல் பிரியும்போது டி.என்.ஏ.யை நகலெடுப்பதில் நேரும் பிழைகளைத் திருத்தச் சில ஜீன்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்து, ஏதோ ஒரு செல்லில் மற்றதும் பழுதானால், பிழைகள் குவிந்து புற்றாகலாம். குடலிலும் கர்ப்பப்பையின் உட்சுவரிலும் அதிகம் வரும், சிறுநீர்க்குழாயும் தப்புவதில்லை. 1993-இல் கண்டறியப்பட்ட எம்.எஸ்.எச்.2 என்ற ஜீன் பழுதானோர்க்கு இவ்வாபத்து மிகுதி. பிள்ளைக்குப் பழுது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் பேதமில்லை. ஒரே பழுதுள்ள இருவர் முறை என்று மணந்து, குழந்தைக்கு இரு பிரதிகளும் பழுதாகவே வாய்த்தால், சிறுவயதிலேயே புற்றுநோய் வரக்கூடும். கல்யாணத்துக்காக மறைப்பவர்கள் இதையும் சேர்த்தே மறைக்கிறார்கள்.

தெரிந்து என்ன பயன் என்கிறார் சித்தி. இரத்தச் சோதனையில் பழுது உறுதியானால், ஓரிரு ஆண்டுக்கொருமுறை குடலைக் கருவியால் பார்த்து, புற்றாகுமுன் கட்டியை அகற்றலாம். சிறுநீரில் இரத்தம் கண்டால் சூடு என்று விடமாட்டோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கெனத் தனி ஆலோசனை உண்டு.

சென்ற விடுமுறையில் ஆச்சியை உட்கார வைத்து வம்ச வரைபடம் போட்டேன். தாத்தாவின் பெயருக்கு ஆச்சி வாய் திறக்கவில்லை. தாத்தாவின் தங்கை பெயர் வந்ததும், "அவ மகனுக்கும் வயித்துலதான் கட்டி" என்றார். அந்தத் தாளை அம்மாவின் மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது நாற்பத்து நான்கு.