எறும்பா? சிலந்தியா? கால்களை எண்ணிப் பாருங்கள்!

சுவரில் ஒரு சிலந்தி ஓடுகிறது. உடனே என்ன செய்கிறோம்? விளக்குமாற்றை எடுக்கிறோம். ஒரே அடி! சிலந்தி செத்துவிடுகிறது.

அது எந்தச் சிலந்தி? அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் முன்பே கொன்றுவிட்டோம்.

இனி வேறு விதமாகச் செய்து பாருங்கள். விளக்குமாற்றை எடுக்கும் முன்பு செல்போனை எடுங்கள். ஒரு படம் பிடியுங்கள். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிசயம் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை!

6 காலா, 8 காலா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூச்சிக்கு 6 கால். சிலந்திக்கு 8 கால். ஆகவே, சிலந்தி பூச்சி அல்ல. அது தேளுக்கு உறவு. தேளுக்கும் 8 கால்தான்.

பூச்சியின் தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கும். சிலந்திக்கு அவை கிடையாது.

ஓடுகிற பிராணியின் கால்களை எண்ண முடியாது. படத்தில் எண்ணலாம். படம் ஓடாது அல்லவா?

வேஷம் போடும் சிலந்தி

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பைப் பார்த்திருப்பீர்கள். முயிறு, முசுறு என்று அதற்குப் பெயர். கடித்தால் சுரீர் என்று எரியும். அதனால் பல பிராணிகள் அதன் பக்கம் போவதில்லை.

அந்த எறும்புகள் இருக்கும் மரத்தைக் கவனித்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று எறும்பாக இல்லாமலும் இருக்கலாம்!

ஆம். முயிறு மாதிரியே வேஷம் போடும் ஒரு சிலந்தி உண்டு. அதே நிறம். அதே மெலிந்த இடுப்பு. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, உணர்கொம்பைப் போல ஆட்டும். எறும்பு என்று நினைத்து எதிரிகள் விலகிப் போய்விடும். இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தச் சிலந்தி வாழ்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி? படம் பிடித்துக் கால்களை எண்ணுங்கள். 8 இருந்தால் வேஷம் கலைந்தது!

வீட்டுக்குள் ஒரு புலி

ஜன்னல் ஓரத்தில் ஒரு குட்டிச் சிலந்தி தத்தித் தத்திப் போகும். இதற்கு ஈப்புலி என்று பெயர். இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. புலியைப் போலப் பதுங்கி, ஈயின் மேல் பாய்கிறது. பாயும்போது விழாமல் இருக்க ஒரு நூலையும் ஒட்டிவிட்டுப் பாய்கிறது.

இதற்கு 8 கண்கள். முன்னால் உள்ள இரண்டும் பெரியவை. நீங்கள் செல்போனை நீட்டினால், திரும்பி உங்களையே பார்க்கும்.

2022-ம் ஆண்டில், உலகில் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி வகைகளின் எண்ணிக்கை 50,000 ஆயிற்று. அந்த 50,000-வது சிலந்தி எது தெரியுமா? தென் அமெரிக்காவில் உள்ள ஓர் ஈப்புலிதான்!

குளவி கொட்டினால் புழு குளவி ஆகுமா?

சுவர் மூலையில் குளவி மண்கூடு கட்டுகிறது. புழுவைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறது. பிறகு அந்தக் கூட்டிலிருந்து ஒரு குளவி வெளியே வருகிறது. இதைப் பார்த்து, குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறுகிறது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

உண்மை வேறு. குளவி கூட்டுக்குள் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. சில குளவிகள் பச்சைப்புழுவை வைக்கும். சில குளவிகள் சிலந்தியை வைக்கும்.

இரை கெட்டுப்போகாதா? அதற்கும் வழி உண்டு. குளவி அதைக் கொல்வதில்லை. கொட்டி, அசையாமல் செய்துவிடுகிறது. பிரான்சு நாட்டு அறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர், வண்டுகளைப் பிடிக்கும் ஒரு குளவியைப் பொறுமையாகக் கவனித்து, 1855-ல் இதை எழுதினார்.

உங்கள் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். குளவி என்ன தூக்கி வருகிறது என்று எட்ட நின்று படம் பிடியுங்கள்.

படம் நன்றாக வர

செல்போன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள்.

காலை நேரம் நல்லது. குளிர்ச்சியில் பூச்சிகள் மெதுவாக நகரும்.

மிகவும் நெருங்கினால் படம் மங்கும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு பெரிதாக்குங்கள்.

முழங்கையைச் சுவரில் ஊன்றினால் கை ஆடாது.

உங்கள் நிழல் அதன் மேல் விழ வேண்டாம். விழுந்தால் ஓடிவிடும்.

படத்துக்காகப் பூச்சியைக் கட்டவோ, ஒட்டவோ, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவோ கூடாது. அது பாவம்!

எச்சரிக்கை!

எதையும் கையால் தொடாதீர்கள். விறகு, செங்கல் குவியலில் கையை விடாதீர்கள். தேளோ பாம்போ இருக்கலாம். கூட்டமாக வாழும் குளவிகளின் கூட்டை நெருங்கவே கூடாது. குழந்தைகளைத் தனியே அனுப்பாதீர்கள். கடிபட்டு வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிலந்திகளுக்கு விஷம் உண்டு. ஆனால், மனிதனுக்குப் பெரிய தீங்கு செய்யக்கூடியவை மிகச் சிலவே. மற்றவை ஈயையும் கொசுவையும் பிடித்து நமக்கு உதவுகின்றன.

வீட்டுக்குள் சிலந்தி வேண்டாமா? கொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். அடியில் ஓர் அட்டையைச் செருகுங்கள். அப்படியே தூக்கிப்போய்த் தோட்டத்தில் விடுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். பார்த்த பிராணி, இடம், தேதி, கால் எத்தனை என்று எழுதட்டும். ஒரு வீட்டில் எத்தனை குடித்தனம் இருக்கிறது என்று மாலைக்குள் தெரிந்துவிடும்!