நடந்து வந்த மணல்

திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். நடக்கிறோம், நடக்கிறோம், கடல் கிட்டே வரக் காணோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி வழியில் ஒரு சுண்டல் வண்டி நிழலில் நின்றவர் கேட்டார்: "இம்புட்டு மணலையும் யாருப்பா கொண்டாந்து கொட்டுனது?"

ஊருக்குப் புதிதாக வந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. சென்னைக்காரர்களுக்கு மெரினா பிறந்தது முதல் இப்படித்தான் கிடக்கிறது. ஆனால் காமராஜர் சாலைக்கும் அலைக்கும் நடுவே இன்று ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும் இந்த மணலில் பெரும்பகுதி 150 ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே இல்லை. வந்து சேர்ந்ததுதான். எப்படி வந்தது, ஏன் இங்கேயே நின்றுவிட்டது என்பதெல்லாம் தெரிந்த கதை.

அதற்கு ஒரு சாட்சி சாலையின் மறுபக்கத்திலேயே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்ட முகப்புக் கட்டடம். பழைய ஆட்களுக்கு அது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி எடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து விற்றவர் ஃபிரடெரிக் டியூடர். அவருடைய சரக்குக்காக 1842ல் எழுந்த கிடங்கு இது. படகிலிருந்து இறக்கிய வேகத்தில் உள்ளே போய்விட வேண்டிய பொருள் அல்லவா? அதனால் கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்டினார்கள். இன்று அதன் வாசலில் நின்றால் அலைச் சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகிப் போயிருக்கிறது.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரைக்கு வரவேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. கரையோர அலை தூக்கித் தரையில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகோ நெளிந்து கொடுக்கும். அப்படியும் கவிழ்ந்து உயிரும் பொருளும் போவது அன்றாடச் செய்தி. ஆகவே செயற்கையாக ஒரு துறைமுகம் கட்டினார்கள். 1870களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு பெரும் அலைதடுப்புச் சுவர்கள். 1881ல் வந்த புயல் பாதி வேலையைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

சுவர் கடலுக்குள் நீளத் தொடங்கியதுமே அதன் தெற்கே மணல் சேர ஆரம்பித்தது. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோரத்தில் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று இத்தாலியப் பெயர் சூட்டினார். கடற்கரைக்குப் பெயர் வைத்தவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதை உண்டாக்கியதோ ஒரு சுவர், யாரும் திட்டமிடாமலே.

சுவர் எப்படி மணலை உண்டாக்கும்?

கரையில் நின்று ஓர் அலையை மட்டும் கவனித்துப் பாருங்கள். வங்கக் கடலின் அலைகள் நம் கரையை நேருக்கு நேர் வந்து மோதுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் சாய்ந்தே வருகின்றன. உடைந்த நுரை மணல்மேல் சாய்வாக ஏறுகிறது. ஏறியது இறங்கும்போது சாய்வாக இறங்காது, பூமி இழுக்கும் பக்கம் நேராகச் சறுக்கும். நுரையோடு ஏறிய மணல்பருக்கை, இறங்கும்போது கிளம்பிய இடத்துக்குச் சற்று வடக்கே வந்து சேர்கிறது. அடுத்த அலை அதை மறுபடி தூக்குகிறது. ரம்பத்தின் பற்களைப் போல ஏறி ஏறி இறங்கி வடக்கே நடக்கிறது பருக்கை. எட்டு நொடிக்கு ஓர் அலை என்று வைத்தால்கூட ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் உண்டாகி, கலங்கிய மணலை அள்ளிக்கொண்டு கூடவே ஓடுகிறது. இதில் ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் பங்கு குறைவு. சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மணலை நடத்துபவை அலைகளே.

ஊரூர்க்குப்பத்து மீனவர்களுக்கு இது பாடம் அல்ல, பிழைப்பு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் எல்லாம் தலைகீழாகி மணல் தெற்கே நடக்கும். ஆனால் அது குறைந்த காலம். வரவு செலவு பார்த்தால் ஆண்டு முடிவில் மணல் வடக்கேதான் போயிருக்கும். சோழமண்டலக் கடற்கரை முழுவதும் இப்படியொரு மணல் ஆறு கரையோரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் குறுக்கே துறைமுகச் சுவர் விழுந்தது. ஓடிவந்த மணல் முட்டி நின்றது. நின்றது மெரினா ஆயிற்று.

சுவரைத் தாண்டியும் கொஞ்சம் போனது. துறைமுகத்தின் வாயில் முதலில் கிழக்கே பார்த்துத்தான் இருந்தது. மணல் வந்து அதை அடைக்கத் தொடங்கியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் அந்த வாயிலை மூடி வடகிழக்கே புது வாயில் திறந்தார்.

பெரியப்பா ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். பளபளவென்று கண்ணாடித் துகள் போன்றவை குவார்ட்சு. மங்கலான வெள்ளை, ஃபெல்ட்ஸ்பார். இடையிடையே சிவப்புப் புள்ளிகள், அவை கார்னெட். கறுப்புப் பொடி இல்மனைட்டும் மேக்னடைட்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் துழாவினால் மேக்னடைட் மயிர்க்கால் போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் செய்து காட்ட வேண்டிய வித்தை. பெரிய அலைகள் அடித்து ஓய்ந்த மறுநாள் கரையில் கறுப்புத் திட்டுகள் தெரிவதும் இவற்றால்தான். அலை லேசானதை அடித்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். முறத்தில் புடைப்பது போல.

இந்தக் கார்னெட்டும் குவார்ட்சும் எங்கிருந்து வந்தன? சென்னையைச் சுற்றிய கருங்கல் மலைகளைப் பாருங்கள். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோக்கைட் என்ற பாறை. அந்தப் பெயரே ஒரு கதை. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறைதான். 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதைக் கண்டறிந்து அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார். உலகெங்கும் இன்று அதே பெயர். பாறை பிறந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், தண்ணீரே இல்லாத வறட்சியில். மேலே இருந்ததெல்லாம் கரைந்து தேய்ந்துபோக, ஆழத்தில் வெந்தது இன்று பரங்கிமலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வெயில் காய்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அதற்கு மதிப்பும் உண்டு. மலையேறி மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, காலடியில் இருப்பதைப் பார்க்காமல் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்ததைத்தான் பாலாறும் தெற்கத்தி ஆறுகளும் கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. கடல் அதைக் கரையோரமாக நடத்திக்கொண்டு வந்தது. பெரியப்பாவின் கையில் இருந்தது பொடியான மலை.

அன்று சாயங்காலம் கலங்கரை விளக்கத்தின் மேலே போனோம். 1977ல் இயங்கத் தொடங்கிய இதில் லிஃப்ட் இருக்கிறது, முட்டிவலிக்காரர்களும் பயப்பட வேண்டாம். மேல் மாடத்தில் நின்று வடக்கே பார்த்தால் இதுவரை சொன்ன எல்லாமும் ஒரே படமாக விரியும். தொலைவில் துறைமுகத்துக் கிரேன்கள். அவற்றின் காலடி வரை பரந்து கிடக்கும் மணல். தெற்கே திரும்பினால் பட்டினப்பாக்கம் பக்கம் கரை ஒடுங்கி வீடுகளை நெருங்குகிறது. சென்னையில் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன்.

மேலிருந்து பார்க்கும்போது கூவத்தின் முகத்துவாரமும் கண்ணில் படும். நடக்கும் மணல் ஆற்றின் வாயையும் விட்டுவைப்பதில்லை. வெயில் காலத்தில் ஆற்றில் தள்ளும் வேகம் இருக்காது. மணல் குறுக்கே திட்டுப் போட்டு வாயை அடைக்கும். அடையாற்றிலும் இதே கதைதான். மழை வெள்ளம் வந்தால் திட்டை உடைத்துக்கொண்டு ஆறு கடலைச் சேரும். கூவத்தின் நாற்றத்துக்கு ஊர்ச் சாக்கடை முதல் காரணம். அடைபட்ட முகத்துவாரம் அதைத் தேக்கிவைக்கிறது.

நடக்கும் மணலால் கடலில் இறங்குகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறது, ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930ல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்குக்காரரின் நினைவாக எழுப்பியது. அதன்முன் படமெடுத்துக்கொள்கிறவர்கள் எதிரே இருக்கும் கடலையும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். நீருக்கடியில் உள்ள மணல் மேட்டில் எங்காவது பள்ளம் இருந்தால் அத்தனையும் அந்த இடுக்கு வழியாகப் பாய்ந்து வெளியேறும். அதுதான் இழுப்பு. அந்த இடத்தில் அலை உடையாமல் சாதுவாகத் தெரியும், தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுப்பில் மாட்டியவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் விடுபடலாம். ஏனென்றால் அது குறுகலான ஓட்டம். நடக்கும் மணல் அந்தப் பள்ளத்தின் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், நேற்று பத்திரமாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

இதே மணலை நம்பி இன்னொரு விருந்தாளியும் வருகிறது. தை பிறந்து பங்குனி வரை, இரவில், பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை போல. சுமார் ஐம்பது நாள் அடைகாப்பது மணலின் சூடுதான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கிறது: சற்றே குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண். பொரிந்த குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். ஒரு காலத்தில் அது நட்சத்திரம் மின்னும் கடல் பக்கம், இன்றோ தெருவிளக்கு எரியும் சாலைப் பக்கம். அதனால்தான் சென்னை மாணவர்கள் 1988 முதல் இந்த மாதங்களில் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பார்க்க விரும்புகிறவர்களையும் கூட்டிப்போகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு போய் வாருங்கள்.

மறுநாள் பெரியப்பாவை வடக்கே கூட்டிப்போனேன். சுற்றுலாக்காரர்கள் யாரும் போகாத பக்கம். ராயபுரம் ரயில் நிலையத்தின் 1856ஆம் ஆண்டுக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போனோம். இங்கேயும் ஒரு காலத்தில் நல்ல மணல் கரை இருந்தது. துறைமுகச் சுவர் மணலைத் தடுத்த பிறகும் அலை தன் வேலையை நிறுத்தவில்லை. இருந்த மணலை வடக்கே நடத்திக்கொண்டே போயிற்று, தெற்கிலிருந்து மாற்று மணல் வரவில்லை. கரை நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்தது. தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. மெரினா அகலமான கணக்கின் மறுபக்கம் இது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெரினாவைப் பார்த்ததாகும் என்பது என் எண்ணம்.

அரிப்பைத் தடுக்கக் கரைநெடுகக் கல் கொட்டியிருக்கிறார்கள். ஆங்காங்கே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் உண்டு. ஒவ்வொரு வளைவின் தெற்கிலும் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது, வடக்கில் அரித்திருக்கிறது. பெரிய துறைமுகம் செய்ததைச் சின்னச் சின்னதாக அவையும் செய்கின்றன. புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகச் சுவர் எழுந்தபின் வடக்கே இருந்த நகரக் கடற்கரை மறைந்து கல்வரிசை மிஞ்சியது. கல்லைக் கொட்டாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: சுவரின் தெற்கே சேர்ந்ததை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே கொடுப்பது. மணல் நடந்து போக வேண்டிய தூரத்தை நாம் கடத்திவிடுவது. தெற்கிலும் வரத்துக் குறைந்துகொண்டிருக்கும்போது இதில் தாமதம் கூடாது. ஆறுகளில் மணல் அள்ளியதும் அணைகள் மறித்ததும் போகத்தான் மிச்சம் கடலுக்கு வருகிறது.

பெரியப்பா கல்வரிசைமேல் உட்கார்ந்தார். கீழே மணல் இல்லாததால் ஃபைபர் படகுகளைச் சாலையோரத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த பாறையைத் தடவிப் பார்த்தார். குவாரியில் புதிதாக உடைத்த கருங்கல், முனை மழுங்காதது. உற்றுப் பார்த்தால் பளபளக்கும் துகள், இடையே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"நேத்து கையில அள்ளுனது இதுதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். இரண்டு கற்களுக்கு நடுவே கைவிட்டுத் துழாவி, ஒரு சிட்டிகை ஈரமணலை எடுத்து, அந்தக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த அலை ஏறி அதை எடுத்துக்கொண்டு போனது.