உஸ்ஸ்ஸ்... யாரது பானெட்டுக்குள்ளே?

குக்கர் 'உஸ்' என்றால் பருப்பு வேகிறது. ஹெட் கிளார்க் 'உஸ்' என்றால் மேனேஜர் வருகிறார். கார் 'உஸ்' என்றால்? பர்ஸ் இளைக்கப் போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவசரப்படாதீர்கள்!

என்னுடையது செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்ததுமே, சைக்கிள் டியூபில் ஊசி குத்தின மாதிரி ஒரு 'உஸ்ஸ்ஸ்'. நிற்கவேயில்லை. ஐடிலிங் வேறு, ஜுரம் வந்தவன் மாதிரி ஏறி ஏறி இறங்கியது.

எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "பாம்பா இருக்கும் சார், ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க!" ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "இன்ஜின் போச்சு, வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்றார். அவரிடம் சைக்கிள்கூட கிடையாது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில், "இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டினார்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் பானெட்டைத் தொடவே இல்லை. "தம்பி, சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குது? டாக்டர்கிட்ட வயித்துவலி சொல்ற மாதிரி நிதானமா சொல்லுங்க."

சொன்னேன். "பிரேக் எப்படி?" என்றார். இரண்டு நாளாகப் பெடல் இறுக்கமாக இருந்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். "பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க. கெட்டியாச்சா? காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க." பெடல் லேசாகக் கீழே இறங்கினால், பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். என் பெடல் அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது.

அடுத்து ஒரு முழ ரப்பர் டியூபை எடுத்தார். ஒரு முனை காதில். மறுமுனையை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் ஒவ்வொரு ஹோஸாகக் காட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'உஸ்' பலமாகக் கேட்டது. அங்கே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சத்தம் மாறியது, ஐடிலிங் சற்று அடங்கியது. திருடன் அகப்பட்டான்! இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸில், பூஸ்டர் ஓரமாக ஒரு வெடிப்பு.

"காத்து வெளியே போகலை தம்பி, உள்ளே போகுது. இளநி ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா என்னாகும்? தண்ணிக்குப் பதிலா காத்துதானே வரும்?"

விஷயம் இதுதான். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்ச உறிஞ்ச, மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்றோ சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையில் அழுத்துகிறது. வெடிப்பு கிடைத்தால் விடுமா? கணக்கில் வராத காற்று புகுந்ததும் பெட்ரோல் கலவை கெடும், ஐடிலிங் ஆடும். பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காவிட்டால் பிரேக் பிடிக்க இரண்டு ஆள் பலம் வேண்டும். அண்ணா சாலையில் முன்னால் போகிற பஸ் அதற்கெல்லாம் காத்திருக்காது!

புதுப்பேட்டையில் ஹோஸும் கிளாம்ப்பும் வாங்கினோம். சில நூறு ரூபாய், அரை மணி நேர வேலை. ஒரு எச்சரிக்கை: பிரேக் வேக்குவத்துக்கென்றே விற்கிற ஹோஸ்தான் போட வேண்டும். சாதாரணத் தண்ணீர் டியூப் உறிஞ்சலில் சப்பிப் போய்விடும்.

எல்லா 'உஸ்'ஸும் ஒரே 'உஸ்' இல்லை. அண்ணன் சொல்லித் தந்த பட்டியல் இது:

பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் ஓயாமல் கேட்டால், பூஸ்டருக்குள் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

காலையில் 'டிக் டிக்'குடன் கேட்டு, சூடானதும் குறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுவதால்தான் குறைகிறது, குணமாகிவிடவில்லை. வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

சூடான வண்டியில் ஆவியும் தித்திப்பு வாசனையும் வந்தால் கூலன்ட் கசிகிறது. ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிற தண்ணீர், திறந்த கணத்தில் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறட்டும்.

ஏ.ஸி.யை நிறுத்தியதும் சில விநாடி 'உஸ்'ஸா? கேஸ் சமநிலைக்கு வருகிறது. போய்த் தூங்குங்கள்.

இனிமேல் மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் சார்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது, எதைத் தொட்டால் மாறுகிறது? இந்த மூன்றுக்கும் பதிலோடு போனால், எஸ்டிமேட்டில் ஒரு பூஜ்யமாவது குறையும்!