கப்பல் நின்றாலும் வாடகை ஓடும்: பூம்புகார் கப்பல் கழகத்தின் நிலக்கரிப் பயணம்

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனவர்கள் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் டிக்கெட்டைக் கையில் வாங்கியிருப்பார்கள். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் படகு விடுவது அந்தக் கழகம்தான். கைவினைப் பொருள் விற்கும் பூம்புகார் கடையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பெயர் ஒன்று, நிறுவனம் வேறு.

ஆனால் படகு விடுவதற்காக இந்தக் கழகம் தொடங்கப்படவில்லை. 1974ஆம் ஆண்டு தமிழக அரசு இதை நிறுவியதன் நோக்கம் நிலக்கரி. நம் வீட்டில் விசிறி சுற்றுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

தமிழகத்தில் நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அது அங்குள்ள மின்நிலையங்களுக்குப் போய்விடுகிறது. தூத்துக்குடி, வடசென்னை, மேட்டூர் அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய கரி ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வர வேண்டும். அவ்வளவு தூரமும் ரயிலிலேயே கொண்டுவந்தால் செலவு கட்டுப்படியாகாது. எனவே சுரங்கத்திலிருந்து பாரதீப், ஹால்டியா, விசாகப்பட்டினம் துறைமுகங்கள் வரை ரயில். அங்கிருந்து எண்ணூர், தூத்துக்குடி வரை கப்பல். மேட்டூருக்குப் போவது மட்டும் கரையிறங்கியபின் மறுபடியும் ரயில் ஏறும்.

அளவைச் சொன்னால் விஷயம் புரியும். ஒரு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் கொண்டுவரும். 70,000 டன் ஏற்றும் ஒரு கப்பல் பதினேழு பதினெட்டு ரயில்களுக்குச் சமம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் முழு வேகத்தில் ஓடும் நாளில் 17,000 டன்னுக்கு மேல் எரியும். அவ்வளவு பெரிய கப்பலின் சரக்கு நான்கே நாளில் தீர்ந்துவிடும்! அதிலும் நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் ஏற்றி வந்தால் முப்பத்தைந்து, நாற்பது டன் சாம்பலாகவே மிஞ்சும். அதற்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி.

கழகத்துக்குச் சொந்தமாக மூன்று கப்பல்கள் இருந்தன: தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ். வயதானபின் அவை விலக்கப்பட்டன. தேவையில் பெரும்பகுதிக்கு அதற்கு முன்பே வாடகைக் கப்பல்கள்தாம் ஓடிக்கொண்டிருந்தன. வாடகை முறை எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

டிரைவரோடு ஒரு வண்டியை மாத வாடகைக்கு எடுப்பதைப் போன்றது இது. மாலுமிகளின் சம்பளம், பழுதுபார்ப்பு, காப்பீடு ஆகியவை கப்பல் முதலாளியின் பொறுப்பு. எண்ணெய்ச் செலவும் துறைமுகக் கட்டணமும் எடுத்தவரின் பொறுப்பு. இவை போக, நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை. இயந்திரம் பழுதாகிக் கப்பல் நின்றால் அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது. ஆனால் கரி வராததாலோ, இறக்கும் தளம் காலியில்லாததாலோ, புயலாலோ நின்றால் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். கழகத்தின் திறமை என்று ஒன்று இருந்தால் அது இந்த நாட்களைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

நாள் வீணாவதற்கு வழிகள் பல. ஹூக்ளி ஆற்றின் மணல்படிவால் ஹால்டியாவில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் அங்கே முழுச் சுமை ஏற்ற முடியாது. பாதி ஏற்றிக்கொண்டு, மீதியை நிரப்ப இன்னொரு துறைமுகம் போக வேண்டும். திரும்பும் வழியிலோ தமிழகத்திலிருந்து ஏற்றிச் செல்ல அதே அளவு சரக்கு இல்லை. வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வெறுமனே வடக்கே போகிறது கப்பல். ஆக, பாதிப் பயணம் காலிப் பயணம்.

தூத்துக்குடிக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஆதம் பாலம், இராமர் சேது என்று பல பெயர்களில் அழைக்கப்படும் மணல்திட்டுப் பகுதியில் ஆழம் போதாது. எனவே வங்கக் கடலில் வரும் கப்பல் இலங்கையை முழுதாகச் சுற்றித்தான் தூத்துக்குடியை அடைகிறது. 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நின்றது யாவரும் அறிந்ததே. அந்தக் கால்வாய் வந்திருந்தாலும், முழுச் சுமையுடன் வரும் பெரிய கரிக் கப்பல்களுக்கு அதன் 12 மீட்டர் ஆழம் போதியிருக்காது என்பது பலர் கவனிக்காத விஷயம்.

எண்ணூரில் நிலைமை மேல். 2001இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகமே முதலில் மின்வாரியத்தின் கரிக்காகத் திட்டமிடப்பட்டதுதான். இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அங்கே கப்பலிலிருந்து அள்ளப்படும் கரி கன்வேயர் வழியாக நேரே வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய காலத்தில் பக்கத்துக் குடியிருப்புகள் கரித்தூசியால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபிறகே அது நின்றது. ஆனால் அந்தத் தூசி இன்று எண்ணூர் மக்களின் பங்காகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்தக் கப்பலா, வாடகைக் கப்பலா? 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி.யும் முதலில் வாடகைக் கப்பலைத்தான் நம்பினார். ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலால் கப்பல் கொடுத்தவர் பின்வாங்கவே, சொந்தக் கப்பல் வாங்க முனைந்தார். 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்து அந்தக் கம்பெனிக்குத் தோள் கொடுத்தவர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட்.

இன்று அப்படி யாரும் மிரட்டுவதில்லை. சந்தை மிரட்டுகிறது. மொத்தச் சரக்குக் கப்பல்களின் கூலியைக் காட்டும் பால்டிக் குறியீடு 2008 மே மாதம் 11,793 புள்ளிக்கு ஏறி, அதே டிசம்பரில் 663க்கு இறங்கியது. உச்சத்தில் நீண்டகால ஒப்பந்தம் போட்டவர் அழுதார், பள்ளத்தில் போட்டவர் சிரித்தார். சொந்தக் கப்பல் இருந்தால் இந்த ஆட்டம் குறையும். ஆனால் வாங்கும் முதலும், பராமரிப்பும், கப்பல் தெரிந்த நிர்வாகமும் வேண்டும். ஓரிரு கப்பலாவது சொந்தமாக இருப்பது பேரம் பேசவாவது உதவும் என்பது என் கருத்து. கப்பல் கூலி எவ்வளவு ஏறினாலும் அது கடைசியில் மின்வாரியத்தின் கணக்கில் ஏறி, கட்டணமாகவோ கடனாகவோ நம்மிடம் வருகிறது.

உடன்குடியில் தலா 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையத்துக்காகக் கல்லாமொழி கடலுக்குள் கரி இறக்கத் தனித் தளமே கட்டியிருக்கிறார்கள். அங்கே வரும் கப்பல்களுக்கும் நாள் கணக்கில்தான் வாடகை.